எதிர்பார்ப்பு மதிப்பு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.
நான்கு பள்ளி, பதினொரு பிள்ளைகள், ஒரே திரை.
மிஷிகனின் இந்த வடமுனையில்
உயர்கணக்குக்கு ஆள் கிடைக்காத ஊர்களுக்கெல்லாம்
நான் ஒருத்தி.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே
சுப்பீரியர் ஏரி இன்னும் நீலமாகத்தான் கிடந்தது.
தலைப்பிட்டேன்: உங்களிடம் எதிர்பார்ப்பவை.

ஒன்று. இரவு ஏழு என்றால் ஏழு.
இரண்டு. விடை மட்டும் போதாது, வழி வேண்டும்.
மூன்று. கேமரா அணைந்திருக்கக் கூடாது.
நான்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்குப் பத்து விழுக்காடு வெட்டு.
ஐந்து. இது ஹானர்ஸ் வகுப்பு.
அதற்கு மேல் அந்த ஐந்தை என்னால் எழுத முடியவில்லை.
பதினான்கு வரை போனது பட்டியல்.

கையெழுத்தோடு முதலில் திருப்பி அனுப்பியவள் பிரின் டெஷான்.
ஓரத்தில் ஊதா மையில் ஒரு குறிப்பு:
'எந்நேரமும் கேளுங்கள் என்கிறது ஒன்பது.
ஒன்பது மணிக்கு மேல் கேட்காதீர்கள் என்கிறது பன்னிரண்டு.
இரண்டில் ஒன்று பொய்.'
பன்னிரண்டை அடித்தேன்.

அக்டோபரிலேயே பனி வந்துவிட்டது.
பத்துச் சதுரங்களில் பத்து முகம்,
ஒன்றில் கூடவே ஒரு பூனை.
பதினொன்றாவது கறுப்பு.
நடுவே வெள்ளை எழுத்தில் ஓட்டோ பெல்கோலா.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
மூன்று விநாடி மௌனம், பிறகு விடை.
எப்போதும் சரியான விடை. வழி கிடையாது.
வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் விடை பெறுவார்கள்,
அவன் விடை சொன்ன கையோடு மறைந்திருப்பான்.

திருடுகிறான் என்று நினைத்தேன்.
ஒளிப்பானேன், நினைத்தேன்.
இரண்டையும் மூன்றையும் தடித்த எழுத்தில்
மறுபடி அனுப்பினேன், அவனுக்கு மட்டும்.

டிசம்பரில் தொகுத்தறிதல் தேர்வு.
ஒன்றுக்கு உண்மை என்று காட்டு.
ஏதோ ஓர் எண்ணுக்கு உண்மை என்று வைத்துக்கொள்.
அதற்கு அடுத்ததற்கும் உண்மை என்று நிறுவு.
ஏழு ஐம்பத்தெட்டுக்கு
ஓட்டோவிடமிருந்து ஒரு படம் வந்தது.

தாள் இல்லை. பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி.
அவன் மூச்சே உள்பக்கம் படிந்து உறைந்திருக்க,
அதில் விரலால் எழுதிய நிறுவல்.
எழுத்துகளின் இடுக்கில் தெரிந்தது
ஐந்து மணிக்கே பூட்டிய நூலகம்
(கதவைப் பூட்டுவார்கள், இணையத்தைப் பூட்டுவதில்லை),
ஒரு விளக்குக் கம்பம்,
பனி தள்ளும் லாரியின் மஞ்சள் ஒளி.
கீழே எழுதியிருந்தான்:
'பேனா உறைந்துவிட்டது.
வீட்டில் இணையம் இல்லை.
ஹீட்டர் போட்டால் பெட்ரோல் போய்விடும்,
போடாவிட்டால் எழுத இடம் கிடைக்கிறது.'

படத்தைப் பெரிதாக்கினேன்.
அடிப்படை சரி. கருதுகோள் சரி.
ஒரு படிகூடத் தாண்டவில்லை அவன்.
கடைசி வரி மட்டும்
வழிந்து இறங்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் போயிருந்தது.
இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மதிப்பெண்ணையும் மாற்றவில்லை.

காலையில் அவன் கேட்டான்:
'கடைசி வரி கேள்வியிலேயே இருக்கிறதே, மிஸ்?
நிறுவ வேண்டியது அதுதானே?'
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
மற்றொன்றைப் பற்றி நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பிப்ரவரி. நிகழ்தகவு.
ஒரு பகடையின் எதிர்பார்ப்பு மதிப்பு மூன்றரை என்றேன்.
ரீஸ் காங்கஸ் வாயிலிருந்த தானியத்தை விழுங்கிவிட்டுக் கேட்டான்:
'எந்த முகத்திலும் மூன்றரை இல்லையே,
வராத ஒன்றை ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?'
பல்லாயிரம் முறை உருட்டினால், என்று
புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.
சொல்லும்போது கறுப்புச் சதுரத்தைத்தான் பார்த்தேன்.
அதில் என் ஜன்னல் தெரிந்தது,
ஜன்னலுக்கு முன்னால் யாரோ ஒருத்தி.

இந்த ஆகஸ்ட்டில் பழைய கோப்பைத் திறந்தேன்.
மூன்றை அடித்தேன்.
ஐந்து இன்னும் பாதியில் நிற்கிறது.
இரண்டைத் தொடவில்லை:
விடை மட்டும் போதாது, வழி வேண்டும்.
பக்கத்தில் சேர்த்தேன்:
தாள் கட்டாயமில்லை.
உருகுவதற்குள் படமெடுத்து அனுப்பவும்.