பதினோரு பேர்

த்ரோந்தூர் கை தூக்கிய அன்று
நான் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன்.
வானொலி பெயர்களை வாசித்தது.
ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும்
மணக்கலாம் என்ற மசோதாவுக்கு
ஆதரவு தந்தவர்களில் எங்கள் ஊர்க்காரன்.
பிறகு வானிலை.
தென்மேற்கிலிருந்து காற்று, படகுகள் கவனம்.

ஃபாரோ தீவுகளில் எங்கள் ஊர் ஒரு கைப்பிடி வீடுகள்.
கோபம் வந்தால் கத்த மாட்டோம்.
கத்தினால் எதிர்க்கரை வரைக்கும் கேட்கும்.
கதவை மெதுவாகச் சாத்துவோம்,
அவ்வளவுதான்.

ஞாயிறு, அர்ன்ஃபின்னூர் வேதத்தைத் திறந்தார்.
பெயர் சொல்லவில்லை.
வெளியே மழை. எல்லாரும் ஒரே பெயரைக் கேட்டோம்.
அவன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில்
யாரோ நனைந்த கோட்டை வைத்திருந்தார்கள்.

யோருன், கிறிஸ்துமஸுக்கு அவன் கொடுத்த
காற்றில் உலர்ந்த ஆட்டுத்தொடையைத்
திருப்பித் தரவுமில்லை, தின்னவுமில்லை.
கொட்டகையில் அது தொங்கியது
தேர்தல் வரைக்கும்.

பிரசாரத்துக்கு வந்தான். பள்ளிக்கூட அறையில் காப்பி.
ஆறு பேர் போனோம்.
"கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றான்,
கோப்பையைப் பார்த்துக்கொண்டு.
ஒருவரும் அதைக் கேட்கவில்லை.
கடைசியில் நான் எழுந்து
சுரங்கப்பாதை வேலை எப்போது முடியும் என்றேன்.
நாற்பது நிமிடம் சுரங்கப்பாதையைப் பற்றியே பேசினான்.
அவ்வளவு நன்றியுடன் யாரும்
பாறையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சபைக் கணக்கு எழுதுபவன் நான்.
அதனால் வாக்கு எண்ணவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
நானும் பள்ளி ஆசிரியை ரன்வாவும்,
நடுவில் ஒரு மேசை விளக்கும்.
மொத்தம் எண்பத்தெட்டுச் சீட்டு.
போன முறை அவனுக்கு அறுபத்தொன்று.
இந்த முறை முப்பது.

ரன்வா பெருமூச்சு விட்டாள்.
நான் விடவில்லை. எனக்குள் வேறு கணக்கு ஓடியது.
சபைக்கு வராதவர்கள் ஊரில் பத்தொன்பது பேர்.
ரன்வாவையும் சேர்த்து.
அத்தனை பேரும் அவனுக்கே போட்டிருந்தாலும்
மீதம் பதினொன்று
எங்கள் பெஞ்சுகளிலிருந்து வந்திருக்கிறது.
மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

அவன் இடம் போயிற்று. தலைநகரில் வேறொருவன் உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறு அப்பம் பிட்கும்போது
கிண்ணம் கைமாறி வந்தது.
நான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தேன்.
வலை பின்னித் தழும்பேறிய கை,
மோதிரம் இறுகிய கை,
அர்ன்ஃபின்னூரின் மனைவியின் கை.
கோபன்ஹேகனிலிருந்து மகன் கூப்பிட்டால்
அவள் தொலைபேசியோடு ஆட்டுப்பட்டிக்குப் போவாள் என்று
ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.
கிண்ணம் அவளிடம் கொஞ்சம் நின்றது.
நின்றதாக எனக்குத் தோன்றியது.
பாட்டு அன்று ஒரு சுதி மேலே போயிற்று.

அந்தப் பதினொன்றில் நான் இல்லை.
இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

ஜனவரியில் ஜெபக்கூடத்துக் கொதிகலன் நின்றது.
மூச்சு விட்டால் வெள்ளையாகத் தெரிந்தது.
பதினெட்டு வருஷமாக அதைப் பழுது பார்ப்பவன் ஒருவனே.
கூப்பிட்டேன். வந்தான்.
இரண்டு மணி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தான்.
நான் டார்ச் பிடித்தேன்.
"இடது பக்கம்" என்றான். "இன்னும் கீழே."
வேறு பேச்சில்லை.

குழாய்கள் முனகின. சூடு ஏறியது.
கை துடைத்தான், சட்டைப்பையிலிருந்து புத்தகம் எடுத்து
ஒரு ரசீது எழுதினான்.
உழைப்பு, இரண்டு மணி. வால்வு ஒன்று.
ஆயிரத்து நானூறு குரோனர்.
இத்தனை வருஷத்தில் முதல் ரசீது.
நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
அவனும் எண்ணினான்.

வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தேன்.
மெழுகுவர்த்தி, பாட்டுப் புத்தகம் ஒட்டுவதற்குப் பசை,
கொதிகலன் பழுது, ஆயிரத்து நானூறு.
அந்த வரியில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
பதினொன்றில் ஒருவராக இருக்கலாம்.
சளியாகவும் இருக்கலாம்.
அறை நல்ல சூடாகத்தான் இருந்தது.