எஃப் ஏழு

அனுப்பர்பாளையம், இரவு ஒன்பதே முக்கால்.
கீழே ஓவர்லாக் இன்னும் ஓடுகிறது.

பதில் எழுதும் திரையை
நானே வெட்டித் தைத்துக்கொண்டேன்:
திறந்ததும் பழைய கடிதங்களின் வால் அறுந்துவிடும்.
கர்சர் நேராக அவன் கேள்விக்குக் கீழே போய் நிற்கும்.
ஓர் 'எஸ்' போட்டால் முழு வருத்தமும் விரியும்,
எஃப் ஏழில் வியாழக்கிழமை.

எத்தனை வியாழன் போயிருக்கும்
அந்த டென்மார்க்காரனுக்கு!
சாயப்பட்டறையில் துணி வெள்ளையாகவே கிடந்தது.

இன்று அவன் பதில்
நான் அனுப்பிய நிமிடத்திலேயே வந்தது.
போன வாரத்துப் பதிலேதான்,
கமாகூட நகரவில்லை.
ஓ, அவனும் தைத்து வைத்திருக்கிறான்.

சிரித்துவிட்டு
எஃப் ஏழைத் தொடாமல் தட்டப் பார்த்தேன்:
சாயம் ஏறலைங்க.
சனிக்கிழமையும் சந்தேகந்தானுங்க.

இங்கிலீஷில் அந்த 'ங்க'வை
எங்கே வைப்பது?
கர்சர் இமைக்கிறது.