வெள்ளம் என்றால் தண்ணீர்

விருதம்பட்டில் பாலாறு என்பது
மணல் லாரி திரும்பும் இடம்.
பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள்.
பாலத்தின் மேல் ரயில் போகும்,
கீழே சீமைக்கருவேலம்.
அதைக் காட்டி ஆறு என்று சொன்னால்
புதிதாகக் குடிவந்தவர்கள்
நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்த ஆற்றுக்கு முதுகு காட்டி
எங்கள் ஐந்து போர்ஷன்.
ஒரே மோட்டார், ஒரே தொட்டி.
நாலு நாளைக்கு ஒருமுறை
நேரம் சொல்லாமல் வரும் குழாய்.
முதலில் கேட்பவர் குரல் கொடுக்க வேண்டும்,
வாடகைப் பத்திரத்தில் எழுதாத விதி அது.

முபீனா என்றால் ‘பானி ஆயா’.
மாடியில் மால்தாக்காரர் தபன்,
தம்பியின் சிறுநீரகத்துக்காக
எட்டு மாதமாய்த் தங்கியிருப்பவர்,
‘ஜோல், ஜோல்’ என்று மெதுவாகத்தான் சொல்வார்,
யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல.
அண்ணன் என்பதற்கு அவர்கள் பெயரோடு ‘தா’ சேர்ப்பார்களாம்.
தபன்தா.
மரியாதையாய்க் கூப்பிட்டாலும்
எதையோ கேட்கிற மாதிரியே இருக்கும் எனக்கு.

நாங்கள் ‘நீள்ளு’.
எங்கள் தெலுங்கு சமையலறையைத் தாண்டாது.
சீட்டுக் கணக்கு தமிழில், சண்டை தமிழில்,
சாமியிடம் கேட்பது எதில் என்று
யோசித்ததில்லை.

லைன்மேன் கஜபதி மட்டும்
கம்பத்தின் மேலிருந்து பேசிப் பழகிய தொண்டையில்
‘தண்ணீ…’ என்று
கடைசி எழுத்தைத் தெருமுனை வரை இழுப்பார்.

இரவு டியூட்டி முடித்து
ஏழரைக்கு வீடு திரும்பும் நர்ஸ் ஷைனிக்கு
அது வெள்ளம்.

முதல் தடவை அவள்
‘வெள்ளம் வந்நு!’ என்று கூவியபோது
கஜபதி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
ரேஷன் கார்டோடு மாடிக்கு ஓடினார்.
அந்த வாரம் முழுக்கச் சிரித்தோம்.
பிறகு பழகிவிட்டது:
ஷைனி வெள்ளம் என்றால் குடத்தை எடு.

முபீனாவின் ரயீஸுக்கு இரண்டரை வயது.
எந்த வாசலில் நிற்கிறானோ
அந்த வாசலின் சொல்லில் கேட்டுக் குடிப்பான்.
எங்கள் வாசலில் மட்டும்
எதையும் சொல்லாமல் டம்ளரைத் தட்டுவான்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்.
ஆந்திரா பக்கம் மழை என்று டீக்கடையில் பேச்சு.
விடிய இன்னும் நேரமிருந்தது.
அன்று ஷைனிக்கு ஆஃப்,
அவள் ஜன்னல்தான் ஆற்றைப் பார்த்த ஜன்னல்.
‘வெள்ளம்! வெள்ளம் கேறி!’

நான் குடத்தோடு வந்தேன்.
முபீனா இரண்டு பக்கெட்டோடு.
படியில் தபன் காலிக் கேனை உருட்டிக்கொண்டு வர,
கஜபதி பாதித் தூக்கத்தில்
மோட்டார் சுவிட்சைத் தடவினார்.
நல்லவேளை, கரண்ட் இல்லை.

கணுக்காலில் குளிர் ஏறியது.
அப்போதும் நாங்கள் வரிசையில்தான் நின்றோம்.

ஷைனி எங்களைப் பார்த்தாள்,
குடங்களைப் பார்த்தாள்,
தலையில் அடித்துக்கொண்டு
ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துக் கத்தினாள்:
‘ஆறு! ஆறு! ஆறு!’

அவள் ஊரிலும் ஆறு ஆறுதான்.
நாங்கள்தான்
அந்தச் சொல்லை இந்த மணலுக்கு
உபயோகிப்பதை விட்டு
ரொம்ப நாளாகியிருந்தது.

மொட்டைமாடியில் பத்தொன்பது பேர்.
தூக்கி வந்த குடமெல்லாம் காலி.
தபன் வீட்டில் மட்டும் அரைக் கேன் இருந்தது,
நாளுக்கு இவ்வளவுதான் என்று
டாக்டர் சொன்ன அளவில்
தம்பிக்காக வைத்திருந்தது.
அளந்து பழகிய கை,
மூடி மூடியாய் ஊற்றியது.
ரயீஸ் ‘ஜோல்’ என்றான், குடித்தான்,
இன்னொரு முறை ‘ஜோல்’ என்றான்.
தம்பி தன் பங்கை வேண்டாமென்று தலையசைத்தான்.
என் முறை வந்தபோது
தபன்தா, என்றேன்.
வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆறு இறங்கிப் போனது.
சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு.
வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது.

இப்போதும் ஷைனிக்கு அது வெள்ளம்தான்.
கூவிவிட்டு, ஒரு மூச்சு விட்டு,
‘பைப்பில்!’ என்று சேர்க்கிறாள்.
கஜபதி கதவைத் திறந்து
முதலில் தரையைப் பார்க்கிறார்.
பிறகுதான்
குடத்தை எடுக்கிறார்.