இரண்டாம் அடி

சின்னவிளையில் எடுத்த ரத்தம்
ஐஸ் பெட்டியில் நாகர்கோவில் போகிறது.
பஸ்சில் என் மடியில் பதினெட்டுக் குழாய்கள்.
பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாள்:
"நெய்மீனா?"

கருமணல் சும்மா கிடப்பதுபோல்தான் தெரியும்.
உள்ளே மோனசைட், அதற்குள் தோரியம்,
யாரையும் கேட்காமல் உதிர்ந்துகொண்டிருக்கும்.
தமியானுக்கு அது மணல்.
பந்து ஆடி, வலை காயப்போட்டு,
குப்புறப் படுத்துத் தூங்கிய மணல்.
குழாயில் அவன் எண் பதினொன்று.
ஊசி ஏறும்போது வேறெங்கோ பார்த்தபடி கேட்டான்:
"எனக்க உள்ள ஒடஞ்சு கெடக்கா பிள்ளே?"

எல்லாருக்கும் உடையும்.
மணல் இல்லாத ஊரிலும், மூச்சு விட்டாலும்.
இரண்டு இழையும் ஓரிடத்தில் அறுந்துவிட்டால்
செல் உடனே தைக்க உட்காருவதில்லை.
சீட்டு ஒட்டுகிறது.
யுபிக்விட்டின் என்றொரு சின்னப் புரதம்,
எழுபத்தாறு கண்ணி.
அறுந்த இடத்தின் அக்கம்பக்கத்தில்
இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்மேல்
ஒன்று, அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று.
அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருகிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.
அதே சீட்டுத்தான் சாவுக்கும்.
நாற்பத்தெட்டாம் கண்ணியில் கோத்தால்
ஒட்டப்பட்டதை அரைத்துப்போட ஆள் வரும்.
அறுபத்துமூன்றில் கோத்தால்
உடைந்ததைக் காக்க ஆள் வரும்.
எங்கள் கோயில் மணி மாதிரி.

நுண்ணோக்கியில் பதினொன்றாம் எண்.
நீல உட்கருவுக்குள் பச்சைப் புள்ளிகள்:
மூன்று, ஐந்து, ஒரு செல்லில் ஒன்றுமில்லை.
பச்சை, காயத்துக்கு வந்து சேர்ந்த கூட்டம்.
காயம் இல்லாமல் கூட்டம் சேராது.
தமியானிடம் இதில் எந்தப் பாதியைச் சொல்ல?
வேலை முடிந்ததும் சீட்டைப் பிய்த்தெடுக்க
வேறு புரதங்கள் உண்டு, அதைச் சொல்லலாம்.
பிய்க்காமல் விட்டால் அதுவும் கோளாறு,
அதைச் சொல்ல வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க
மணல் இல்லாத ஊர் ரத்தம் வேண்டும் என்றார்கள்.
சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.
"உனக்கு எந்த ஊர், பிரிஸ்கா?"
சொன்னேன்.
ஊசியை மூடி வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ராத்திரி வீட்டில் இருக்கிறேன்.
கடலில் காற்று அடங்கவில்லை,
ஐந்து வள்ளம் இன்னும் கரை பிடிக்கவில்லை,
அதில் ஒன்று தமியானுடையது.
மணி விட்டு விட்டு அடித்தால் யாரோ போய்விட்டார்கள்.
விடாமல் அடித்தால் யாரையோ தேடிப் போக வேண்டும், ஓடு.

முதல் அடி விழுகிறது.
மீன் நறுக்கும் கத்தி, தொண்டையில் சோறு,
பக்கத்து வீட்டு டிவிகூட யாரோ அணைத்து,
தெரு முழுக்க
அடுத்த அடிக்குக் காதைக் கொடுத்து நிற்கிறது.