எட்டின் கம்பி

பள்ளத்தூர் கிளையில் காலையிலிருந்து
எட்டையும் ஒன்பதையும் பலகை கூப்பிடவேயில்லை.
முப்பத்தேழு வரை ஒழுங்காகப் போய்
மறுபடி முப்பது,
மறுபடி முப்பத்தொன்று,
பிறகு நாற்பது.

சாத்தையா தன் முப்பத்தெட்டை
மடித்து மடித்து விரல்நகம் அளவாக்கிவிட்டார்.
நகை மீட்க வந்தவர்.
"நிக்காமப் போயிருச்சு" என்றார்,
பஸ்ஸைச் சொல்வதுபோல.

ஏணி போட்டுத் திறந்தேன்.
ஓர் இலக்கத்துக்கு நாலு கம்பி:
எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு.
படிக்கற்கள்தான்.
ஏழு வேண்டுமானால்
எட்டை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வை.
மூன்றை மூன்றாக, ஏழை ஏழாகத்
தனித்தனியே வைத்திருக்கும்;
முப்பத்தேழு என்று சேர்த்து உருக்காது.

அறுந்திருந்தது எட்டின் கம்பி.
அது போனால்
எட்டில் மிஞ்சுவது சுழியம்,
ஒன்பதில் ஒன்று.

பற்றவைக்கையில் ஈயம் வழிந்து
மின்சாரக் கோட்டைத் தொட்டுவிட்டது.
சோதனைக்கு நாலைத் தட்டினால்
கட்டத்தின் மேல்பாதியில்
ஒரு சின்னக் கிண்ணம் தொங்குகிறது.
"பிள்ளையார் சுழிய பாதியில விட்டுட்டீங்களா?"
கேஷியர் உமையாள் கேட்டாள்.
எட்டும் நாலும், பன்னிரண்டு.
நாலு கல்லால் பதினைந்துவரை நிறுக்கலாம்;
ஒன்பதோடு நிறுத்தச் சொன்னவை
நம் பத்து விரல்கள்.
மிச்சம் ஆறும்
யாருக்கும் கிழித்துக் கொடுக்காத டோக்கன்கள்.

ஈயத்தைச் சுரண்டினேன்.
முப்பத்தெட்டு எரிந்தது.
சாத்தையா எழுந்திருக்கவில்லை.
கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நடுக்கோடு இருக்கிறதா என்று.