குறிப்பு நிரல்

அந்த அறிக்கையை நான் வாசித்தது
ஒருகொடவத்தையில், மின்சாரம் போன ஒரு மத்தியானம்.
தாளை ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்திருந்தேன்.
வெளியே கொள்கலன் லொறிகள் போகப் போக
எழுத்தெல்லாம் நடுங்கியது.

போர் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.
அவர்கள் வென்ற போர்.
இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குத் தனியே திரும்பியவன்
தோடம்பழம் அளவு உலோக உருண்டையைச் சுற்றி
கட்டி மேல் கட்டியாக அடுக்குகிறான்.
கடைசிக் கட்டி கை நழுவுகிறது.
நீலமாய் ஒரு மினுக்கம்.
தட்டி விடுகிறான், வலக்கையால்.
அந்தக் கைதான் முதலில் கொப்பளித்தது.
இருபத்தைந்து நாள் கிடந்தான்.
இருபத்துநாலு வயது.

இவ்வளவும் சோதனைக்குப் படித்ததுதான்.
தெரியாமல் இருந்தது ஒன்று:
அறைக்குள் இன்னொருவனும் இருந்திருக்கிறான்.
காவல்காரன்.
பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு மேசையில்,
பேப்பர் வாசித்துக்கொண்டு.
எதைக் காக்கிறான் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ,
தெரியாது.
என் கையில் இருந்த பிரதியில் அவனுக்குப் பெயரில்லை.
அட்டவணையின் கீழ்வரியில் ஒரு தூரம், ஓர் எண்.

நிமிர்ந்தேன்.
வாசல் கதிரையில் விமலதாச,
சிங்களப் பேப்பரின் கிரிக்கெட் பக்கத்தை
முழங்காலில் மடித்து வைத்திருந்தார்.

கறுப்பை அளப்பது என் வேலை.
கதிர்ப்படம் எடுக்கிறவர்கள் சட்டையில் குத்தும் பிலிம்
மாதம் முடிய இங்கே வரும்.
காலி, கண்டி, மட்டக்களப்பு.
இருட்டறையில் கழுவி, எவ்வளவு கறுத்தது என்று பார்த்து,
அவரவர் பெயருக்கு நேரே எழுதுவேன்.
யாழ்ப்பாணத்துப் பொதி கப்பலில் வரும்.
வழியில் எங்கேயோ ஒருவன்
ஒவ்வொரு உறையாகக் கிழித்து
வெயிலில் தூக்கிப் பார்த்திருப்பான்.
இருபத்தொரு பேருக்கும் குறிப்பு நிரலில் ஒரே வசனம்:
வெளிச்சம் பட்டது. வாசிக்க இயலாது.
அவர்களில் ஒருத்தி என்னோடு படித்தவள்.

விமலதாசவுக்கு பிலிம் கொடுக்க விதியில் இடமில்லை.
கொடுத்தேன்.
பதிவேட்டில் 'வருகையாளர்' என்று போட்டேன்,
பதினாறு வருஷமாய் அதே கதிரையில் இருக்கிற மனுஷனை.
பெல்ட்டுக்கு மேலே குத்தச் சொன்னேன்; பொக்கற்றில் குத்திக்கொண்டார்.
தெமட்டகொடைச் செக்பொயிண்டில்
இது வெடிக்குமா என்று கேட்டானாம் ஒரு பொடியன்.
இல்லை, என்னில் என்ன விழுந்தது என்று
இது ஞாபகம் வைத்திருக்கும் என்றாராம்.

ஒவ்வொரு மாதமும் கேட்பார்.
ஒன்றுமில்லை என்பேன்.
கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருக்கும் முகம்.

ஐப்பசியில் அவருடைய பிலிம்
கரிச்சட்டிபோல் வந்தது.

இரண்டு முறை கழுவுநீரைச் சந்தேகித்தேன்.
மூலங்கள் வைக்கும் அறையின் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
கதிரைக்கும் சுவருக்கும் நாடா பிடித்தேன்.
கடைசியில்தான் அவரைக் கேட்டேன்.

பேப்பரை மடித்தார். நாலாய், எட்டாய்.
மகரகமவில் மனைவி. தொண்டையில்.
கிழமைக்கு ஐந்து நாள் கோபோல்ட்டுக்குக் கீழே படுக்கிறாள்.
இவரை வெளியே விட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள்,
தடித்த கதவு, மேலே சிவப்பு லைற்.
உள்ளே என்ன நடக்கிறது என்று
ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.
அதனால் அவளுடைய கழுத்துப்பட்டி மடிப்புக்குள்
குத்தி அனுப்பினாராம்.

"நீங்கள் சொல்வீர்கள்தானே, மிஸ்."

அந்தக் கறுப்புக்கு மேலே பிலிமுக்கு
எண்ணத் தெரியாது என்றேன்.
அது நல்லதா, கெட்டதா என்று கேட்டார்.

நீல மினுக்கத்தில் நின்றவன் ஞாபகம் வந்தது.
அவனுக்கு நழுவி விழுந்ததை
இவளுக்குக் கிராமாய் நிறுத்துக் கொடுக்கிறார்கள்,
நேரம் குறித்து, தோலில் மையால் கட்டம் கீறி.
இதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது?
தமிழிலும் எனக்கு வரவில்லை.

நல்லதுக்குத்தான் என்றேன்.
அவர் தலையாட்டினார், நம்பாமல், மரியாதையாய்.

இப்படியொரு எண்ணை மேலே அனுப்பினால் விசாரணை வரும்.
கதிரை போகும். அனேகமாய் என் மேசையும்.
பேனையை எடுத்தேன்.

வருகையாளர். விமலதாச.
வெளிச்சம் பட்டது.
வாசிக்க இயலாது.