மிச்சத் துணி

பெகுவில் பள்ளிக்கூடமும் மழையும்
ஒரே வாரத்தில் திறக்கும்.
முற்றம் ஆற்றோடு சேர்ந்துவிட்டது.
குப்பை கிளறித் திரிந்த ஏழையும்
சேவலோடு சேர்த்து மேலே தூக்கி வந்து
அடுப்படிக்குப் பின்னால் மூங்கில் தட்டி வைத்து அடைத்தேன்.
ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் இடம்.
இந்தப் பக்கம் நான், மெஷின்,
முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பச்சை லுங்கி.

ஐந்தாம் நாள்
சாம்பல் பெட்டைக்கு வால்மேட்டில் இறகில்லை.
கறிக்கடைக் கொக்கியில் பார்க்கிற அதே தோல்
இங்கே நடந்துகொண்டிருந்தது,
நடுவில் ஒரு பொட்டு ரத்தத்தோடு.

சேவலைத்தான் திட்டினேன்.
அது பாவம், இன்னொரு கால் வைக்க இடமில்லாமல்
ஒற்றைக்காலில் நின்றது.

மருந்துக்கடை டோ தான் நுவே
ஊதா மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்:
எதுக்கு இறகு முழுசா இருக்கோ
அதுதான் கள்ளி.

ராத்திரி கரண்டில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்றுக்குக் கழுத்தில் சொட்டை,
ஒன்றுக்கு முதுகில் பாதி.
வெள்ளைச்சி மட்டும்
கல்யாணத்துக்குக் கிளம்பினவள்போல் இருந்தது.
தினம் தவறாமல் முட்டையிடுகிறது.
சந்தையில் நான் பெருமையடித்துக்கொள்கிறது.
அலகோரம்
ஒரு சாம்பல் பிசிறு.

அலகு நுனியை வெட்டிவிடு என்றான் தம்பி சின்னையன்.
கத்திரிக்கோல் கையில்தான் இருந்தது.
பிழைப்பே வெட்டுவதுதான்,
அதனால்தான் யோசித்தேன்.

வெள்ளைச்சியைத் தனியே கூடையில் கவிழ்த்தேன்.
மற்றதுகளுக்கு வேலை வேண்டுமே:
முட்டைக்கோஸ் ஒன்றைச் சணலில் கட்டி
எம்பினால் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன்.
தவிட்டில் கருவாட்டுத் தூள் கலந்தேன்.
நெல்லுக்குக் குறை வைத்ததில்லை நான்,
இது வேறு பசி,
வயிற்றில் இல்லை, அலகில் இருந்தது.

சாம்பலுக்கு ஊதா பூசி
மேலே ஒரு சட்டை தைத்தேன்.
முதலில் சிவப்பில். என் புத்தி.
மத்தியானத்துக்குள் நார்நாராக்கிவிட்டன.
பிறகு பள்ளிக்கூடப் பச்சை.
டேப் வைத்து அளந்தால் ஏழு அங்குலம்,
சிலிர்த்தால் எட்டு.
எட்டுக்கே வெட்டினேன்,
வளர்கிற பிள்ளைக்கு விடுவதுபோல்.
இறக்கைக்கு அடியில் இரண்டு எலாஸ்டிக்.

போட்டுவிட்டதும்
அது பின்பக்கமாகவே நடந்து
சுவரில் முட்டி
சட்டையைவிட்டு வெளியே வரப் பார்த்தது.
சாயங்காலம் மறந்துபோயிற்று.

தையல்காரியிடம் மிச்சத் துணி எங்கே போகிறது என்று
எந்த ஊரிலும் ஒரு சந்தேகம் உண்டு.
மா ஸின் மார் மகளின் லுங்கி வாங்க
முழங்கால் நனைந்து படியேறி வந்த நேரம் பார்த்து
அந்தச் சந்தேகம்
தட்டிச் சந்தில் நுழைந்து
நேரே அவள் முன் வந்து கொக்கரித்தது.

அவள் கோழியைப் பார்த்தாள்.
லுங்கியை விரித்தாள்.
கரையோரம் சாண் வைத்து அளந்தாள்.
நான் பொய் இரண்டும் உண்மை ஒன்றும்
தயாராக வைத்திருந்தேன்.

எத்தனையாவது வகுப்பு, என்றாள்.

இன்னும் சேர்க்கவில்லை,
மழை விடட்டும், என்றேன்.

காசை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.
படியில் இறங்கும்போதுகூட அவள் முதுகு குலுங்கியது.

ஐந்தாம் ராத்திரி, இருட்டில்,
வெள்ளைச்சியைத் திரும்பக் கொண்டுபோய்
மற்றதுகளோடு கழியில் உட்காரவைத்தேன்.
விடிந்து பார்க்கையில்
தீனித் தட்டை நெருங்கவிடாமல்
எல்லாமாய் அதை ஓரம் கட்டியிருந்தன.
முட்டையும் இல்லை அன்றைக்கு.

ஓரமாய் நின்று, தலையைச் சாய்த்து,
ஒற்றைக் கண்ணால்
அது பச்சைச் சட்டையையே பார்த்தது.
நானும் பார்த்தேன்.
அவசரத்தில் நறுக்காமல் விட்ட நூல் ஒன்று
மடிப்போரம் ஆடிக்கொண்டிருந்தது.

மெஷினை நிறுத்தி
எழுந்து போய்
அதை வெட்டிவிட்டு வந்தேன்.